கரைக்கு ஆங்கர் அடிக்க 1,85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

நேற்று விடிகாலை மழையில் வீட்டுப் பின்கரை சரிந்துவிட்டது. கோத்தகிரிப் பக்கம், சரிவை வெட்டிக் கட்டிய வீடு. ஆறு வாரத்துக்கு முன்னால்தான் 1,85,000 ரூபாய் கொடுத்து அந்தக் கரையில் மண் சரியாமல் பிடிக்கப் பன்னிரண்டு ஆங்கர் (துளை போட்டு உள்ளே இறுக்கும் இரும்புக் கம்பி) அடித்து வலை கட்டினேன். பின்னறையில் படுக்கும் அம்மா தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தார்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பிடித்த ஆள். டிரில் ஐந்தடி போனதும் கல் தட்டியது. கடப்பாரையை உள்ளே விட்டுக் குத்தி, "அக்கா, கணீர்னு கேக்குதா? பாறை. பேரன் காலத்துக்கும் ஆடாது" என்றார். எனக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் மீதிப் பணத்தையும் அன்றைக்கே அனுப்பினேன். சிமென்ட் பால் ஊற்ற வேண்டாமா என்றதற்கு, இது துளைக்குள் விரிந்து இறுகும் ஆங்கர், இந்த எக்ஸ்பான்ஷன் போல்ட்டுக்கு அதெல்லாம் தேவையில்லை என்றார்.

இப்போது சேற்றில் ஆட்டுக்கல்லைவிடப் பெரிய ஓர் உருண்டைக் கல் கிடக்கிறது. போல்ட் அதில் இறுகியபடியே இருக்கிறது. கல்தான் மண்ணோடு வந்துவிட்டது! பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பொறியாளர் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். இங்கே சார்னோகைட் பாறை மக்கி மண்ணாகும்போது, மக்காத குண்டுக்கற்கள் நடுநடுவே நின்றுவிடும். தட்டினால் அவையும் கணீர் என்றுதான் ஒலிக்கும். தாய்ப்பாறை அதற்கும் கீழே. எக்ஸ்பான்ஷன் போல்ட் உடையாத தாய்ப்பாறைக்குத்தான். மக்கிய மண்ணென்றால் ஆழமாகத் துளைத்து, கம்பி விட்டு, முழு நீளத்துக்கும் சிமென்ட் பால் நிரப்ப வேண்டும். மண்ணைப் பிடிப்பது அந்த நீளம்தான்.

போன் செய்தால், "இயற்கைச் சீற்றத்துக்கு நான் என்னக்கா பண்றது?" என்கிறார். 2009 நவம்பரில் இதே நீலகிரியில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்ததே, அது சீற்றம். நேற்றுப் பெய்தது வழக்கமான ஐப்பசி மழை! மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. செயலிக்காரர்களோ, முப்பது நாள் தாண்டிவிட்டது, நாங்கள் ஆளை இணைத்துவிடுபவர்கள் மட்டுமே என்கிறார்கள். 1,85,000 ரூபாய்க்கு ரசீதில்கூட "கரை வேலை" என்று ஒற்றை வரிதான்.

விரிவாக எழுத இப்போது முடியவில்லை. கல் தட்டினாலும் இன்னும் சில அடி துளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கரை ஜாக்கி வைத்து இழுத்துச் சோதிக்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் வடியக் குழாய் வைக்காத கரையை நம்பாதீர்கள், எனக்கு அதுவும் வைக்கவில்லை. மறுபடி தூறுகிறது, தார்ப்பாய் கட்டப் போகிறேன்.