உப்புக்காற்றில் ஒரு ரிசீவர்

கீழக்கரையில் எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோய்விடுவார். ஆகவே நான் வாங்கிய ஹோம் தியேட்டர் ரிசீவர், அதாவது டிவியின் சத்தத்தைப் பிரித்துப் பல ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி, இருப்பது மாமியின் கூடத்தில். எந்த ஒயர் எந்தச் சுவரில் ஓடலாம், சத்தம் எதுவரை போகலாம் என்பதெல்லாம் என் கையில் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2021 டிசம்பரில் மதுரையில் 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். 5.1 சேனல் (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர்), நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடு, ஒரு வெளியீடு, புளூடூத். வைஃபை கிடையாது, தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் அட்மாஸ் கிடையாது. கம்பெனிப் பெயர் வேண்டாம். குறைகளையும் சொல்லப்போகிறேன், தவிர, இந்த விலையில் வரும் பெட்டிகளின் குணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் சேனலுக்கு 135 என்று போட்டிருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கதை வேறு. ஒரே ஒரு சேனலை மட்டும், 6 ஓம்ஸ் மின்தடையுள்ள ஸ்பீக்கரில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை ஒலியை ஓட்டி எடுத்த அளவு அந்த 135. இரண்டு சேனல்களை 8 ஓம்ஸில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஓட்டினால் 70. ஐந்தையும் சேர்த்து ஓட்டினால் எவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை. பின்பக்கத் தகட்டில் மின்செலவு 260 வாட்ஸ் என்று இருக்கிறது. ஐந்து 135 என்றால் 675. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இவ்வளவு சொன்னாலும் எனக்கு இதில் மனக்குறை இல்லை. என் ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தருபவை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 70-க்கும் 140-க்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு அவ்வளவே. எங்கள் கூடத்தில் சாதாரணமாகப் படம் பார்க்க ஓரிரு வாட்ஸ் போதும். அதற்கு மேல் திருகினால் உள்ளறையிலிருந்து ஆள் வந்துவிடும்.

அடுத்து ஒரு வெட்கக்கேடு. முதல் நான்கு மாதம் நான் கேட்டது 5.1 இல்லை. டிவியின் ஆடியோ அமைப்பு பிசிஎம் (சத்தத்தை டிவியே அவிழ்த்து அனுப்புவது) என்ற இடத்தில் கிடந்திருக்கிறது. டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் பழைய ஏஆர்சி வழியாக பிசிஎம் போனால் இரண்டு சேனல்தான் போகும். ரிசீவர் அந்த இரண்டையே பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது; நானும் வந்தவர்களிடம் எல்லாம் பின்பக்கச் சத்தத்தைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பிட்ஸ்ட்ரீம் (அவிழ்க்காமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்றியதும் ரிசீவரின் முகப்பில் டால்பி என்ற எழுத்து வந்தது. நீங்களும் ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பெட்டியின் உண்மையான பலம் நடு ஸ்பீக்கர். டிவியில் பேச்சு ஒரு பக்கம், பின்னணி இசை ஒரு பக்கம் என்று முட்டிக்கொள்ளும். 5.1-இல் வசனத்தின் பெரும்பகுதி நடுச் சேனலில் தனியாக வருவதால் அதை மட்டும் உயர்த்த முடியும். கூட வந்த மைக்கை நடுவில் வைத்து அளந்தபோது பெட்டி முன் ஸ்பீக்கர்களைப் 'பெரியவை' என்று தீர்மானித்துக்கொண்டது. அதைச் 'சிறியவை' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை சப்வூஃபருக்குத் தள்ளினேன். பிறகு நடுச் சேனலை 2 டெசிபல் கூட்டினேன். பழைய வீடு, கனத்த சுவர், சிமெண்ட் தரை, எல்லாம் எதிரொலிக்கும். அந்த எதிரொலிக்குள்ளும் பேச்சு தெளிந்து வந்தது. மாமி என்னிடம் நேராக எதுவும் பேச மாட்டார். வீட்டுக்காரி வந்து சொன்னாள், "உம்மாவுக்கு இப்பதான் பேச்சு வெளங்குதாம். அத மாத்திராதீங்க."

நோன்பு மாதத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து வந்து பார்ப்போம், பிள்ளைகள் தூங்கியிருக்கும். அப்போது டைனமிக் ரேஞ்சை, அதாவது மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை, குறைக்கும் வசதி கைகொடுத்தது. வெடிச்சத்தம் அடங்கும், முணுமுணுப்பு மேலே வரும். படம் சப்பென்று ஆகிவிடும்தான். தொட்டில் ஆடாமல் இருந்தால் போதாதா?

இனி கடல். காரைக்குடியில் உள்ள சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துருவை ஆராய்வதற்கென்றே எங்கள் கரையோரத்து மண்டபம் என்ற ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க விஞ்ஞானிகள் தேடி வந்த கரை இது. அந்தக் கரையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ரிசீவர் ஓட்டினேன்.

ஒன்றரை வருடத்தில் இடது பின் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் செப்புக் கம்பி முனையில் பச்சைக் களிம்பு. முன் ஸ்பீக்கர்களுக்குத் திருகு முனைகள் கொடுத்தவர்கள் மற்றவற்றுக்கு அழுத்திச் செருகும் கிளிப் கொடுத்திருக்கிறார்கள். அதில் பிடிப்பும் குறைவு, காற்று புகவும் இடம். முனையை வெட்டி, புதிதாகச் சீவிச் செருகினால் ஆறு மாதம் ஓடும். மறுபடி களிம்பு. படகுகளுக்கு ஒயரிங் செய்பவர் ஒருவர்தான் வழி சொன்னார்: வெள்ளீயம் பூசிய செப்பு ஒயர் போடுங்கள். படகில் போடுவது அதுதானாம். போட்டு இரண்டு வருடம் ஆகிறது, களிம்பு இல்லை.

மூன்றாம் வருடம் வந்தது வேறு வியாதி. குறைந்த சத்தத்தில் வலது முன் ஸ்பீக்கர் கேட்காது. வால்யூமைச் சட்டென்று ஏற்றினால் 'டப்'பென்று வந்துவிடும். உள்ளே ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே என்ற மின்சுவிட்சின் தொடுமுனையில் கறை படிந்தால் இப்படித்தான். மெல்லிய மின்னோட்டம் அந்தக் கறையைத் தாண்டாது, பலத்தது தாண்டும். சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்ற வேண்டும் என்று 9,000 ரூபாய் சொன்னார்கள். ராமநாதபுரத்தில் பழைய டேப்ரிக்கார்டர் காலத்து மெக்கானிக் ஒருவர் ரிலேயை மட்டும் மாற்றி 650 வாங்கினார். நியாயமாகப் பார்த்தால் இதைப் பெட்டியின் குறை என்பதா, ஊரின் குறை என்பதா என்று எனக்கு இன்னும் குழப்பம். மதுரையில் இருந்திருந்தால் இந்த இரண்டு பத்திகளையும் எழுதியிருக்க மாட்டேன்.

கரண்ட் விஷயத்தில் பெட்டி கொஞ்சம் சவலைப்பிள்ளை. சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் தானே அணைந்துகொள்ளும். ஸ்டெபிலைசர் போட்ட பிறகு அந்தத் தொல்லை போனது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் உர்ரென்று உறுமும். சைன் வேவுக்கு மாறியதும் அடங்கியது. ஒரு ஐப்பசி இடியில் எச்டிஎம்ஐ துளை ஒன்று போய்விட்டது. பிளக்கைக் கழற்றியிருந்தேன், டிஷ் கேபிளை விட்டுவிட்டேன். இப்போது வானம் கறுத்தால் இரண்டையும் பிடுங்குகிறேன்.

சூடும் ஆகும். மேலே ஒரு சாண் இடம் விட வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று யாரோ பெட்டிக்கு மேல் ஒரு பின்னல் விரிப்பைப் போட்டிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

மற்றவை சில்லறை. புளூடூத் பாட்டு கேட்கப் போதும். அட்மாஸில் வருவதை 5.1 ஆகவே பாடுகிறது, அதில் எனக்கு ஏக்கம் இல்லை. மச்சினனின் கேம் பெட்டி 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் தரும், ரிசீவர் 60-க்கு மேல் கடத்தாது. அதனால் அதை நேரே டிவியில் செருகி, சத்தத்தை மட்டும் ஏஆர்சியில் திருப்பிக்கொண்டோம்.

மறுபடி வாங்குவேனா? இதே விலையில், இதே 5.1 வாங்குவேன். ஆனால் கடையில் பெட்டியைத் திருப்பச் சொல்லிப் பின்பக்கத்தைப் பார்ப்பேன். ஐந்து சேனலுக்கும் திருகு முனை இல்லையென்றால் வேண்டாம் என்றுவிடுவேன். ஸ்டெபிலைசரின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுவேன்.

போன வாரம் நடு ஸ்பீக்கர் ஒருமுறை விட்டு விட்டு வந்தது. மெக்கானிக்கிடம் அன்றைக்கே கூடுதலாக ஒரு ரிலே வாங்கி மேசை டிராயரில் போட்டிருக்கிறேன், காற்றுப் புகாத டப்பாவில்.