சாம்பிள் ஒண்ணு, சரக்கு வேற: பிளேட் கேரியர்ல போன 64,800 ரூபாய்

குன்னூர், வெலிங்டன் பக்கம் மிலிட்டரி சாமான் கடை வச்சிருக்கிறவங்க, பிளேட் கேரியர் (குண்டு தடுக்கிற பிளேட்டை உள்ள வச்சு மாட்டிக்கிற துணி உறை) மொத்தமா எடுக்கிறதா இருந்தா இதைப் படிச்சிட்டு எடுங்க. 12 கேரியர், ஒண்ணு 5,400. மொத்தம் 64,800 ரூபாய். பன்னிரண்டும் மூலையில கிடக்கு. எப்படிச் சோதிச்சு வாங்கணும்னு கடைசியில வரிசையா எழுதுறேன்.

மொத்த வியாபாரிகளைக் கோத்து விடுற ஆன்லைன் தளம். பச்சை டிக் போட்ட விற்பனையாளர். முதல்ல சாம்பிள் கேட்டோம். நம்பினது அதைப் பார்த்துத்தான். 500 டினியர் நைலான், உள்பக்கம் தண்ணி இறங்காம இருக்க அடிக்கிற பி.யூ. கோட்டிங் சீரா இருந்துச்சு. பிளேட் இல்லாம 640 கிராம். பவுச் மாட்டுற மோலி பட்டை 25 மி.மீ., இடைவெளி 25, தையல் 38 மி.மீ.க்கு ஒண்ணு, எல்லாமே நெருக்கமா அடிச்ச பார்ட்டாக் தையல். தோள்பட்டை வேர்ல பெட்டி போட்டுக் குறுக்குத் தையல். குறை சொல்ல இடமே இல்ல. "முழுப் பணத்தையும் நேரா எங்க அக்கவுண்டுல போட்டா கமிஷன் மிச்சம், பீஸுக்கு 600 குறைச்சுத் தர்றேன் சார்"னான். அந்த 600-தான் 64,800-க்கு உலை வச்சது.

வந்து இறங்கினது 600 டினியர் பாலியஸ்டர். ஸ்கூல் பை தைக்கிற துணி. டினியர் எண் பெருசா இருந்தா துணி உசத்தின்னு நினைக்காதீங்க, அது நூலோட கனம் மட்டும்தான். உராய்வுல நைலான் தாங்குற அளவுக்குப் பாலியஸ்டர் தாங்காது. ஓரத்துல ஒரு நூலை உருவி நெருப்புல காட்டுங்க. பாலியஸ்டர்னா கரும்புகை வரும், நைலான்னா வெள்ளைப் புகை. பன்னிரண்டும் கரும்புகை.

ஆர்டர்ல 10-க்கு 12 இன்ச் பிளேட்டுக்குன்னு தெளிவா இருக்கு. வந்ததுல பிளேட் வைக்கிற பை பதினொன்றரைக்கு 14. பீங்கான் பிளேட் ஒண்ணே சுமார் 3 கிலோ. இவ்வளவு தொளதொளன்னு இருந்தா நாலு எட்டு ஓடினதும் கீழ இறங்கிடும். பிளேட்டோட மேல் விளிம்பு தொண்டைக்குழிக்கு நேரா நிக்கணும். இறங்கிட்டா இதயத்துக்கு மேல இருக்கிற பெரிய ரத்தக்குழாய்களுக்கு மறைப்பே கிடையாது. அந்தப் பையோட அடிமூடி வெல்க்ரோ ஒரு இன்ச் அகலம்கூட இல்ல. 3 கிலோ மணல் மூட்டையை வச்சுக் குலுக்கினதுக்கே வாய் திறந்துடுச்சு. தோள்பட்டையில ஒத்தத் தையல். மோலி இடைவெளி ஒரு வரிசையில 25, அடுத்ததுல 32. பவுச் மாட்டினா தொங்குது. கோட்டிங் இப்பவே பிசுபிசுங்குது, நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு உரிஞ்சு கையோட வந்துடும்.

இதுக்கெல்லாம் மேல, கழுத்துல 'லெவல் 4'னு, அதாவது ரைஃபிள் குண்டையே தடுக்கும்கிற மாதிரி லேபிள்! சாம்பிள்ல அது இல்ல. கேரியர் வெறும் துணி. குண்டைத் தடுக்கிறது உள்ள வைக்கிற பிளேட். குண்டு தடுக்கிற கவசத்துக்குத் தரம் வகுக்கிற அமெரிக்காவோட என்.ஐ.ஜே. ஆகட்டும், அதுக்கான நம்ம இந்தியத் தரம் ஐ.எஸ். 17051 ஆகட்டும், வெறும் துணி உறைக்கு யாரும் லெவல் கொடுக்கிறதில்ல. என்.ஐ.ஜே. 2023-ல கொண்டுவந்த தரத்துல அந்தப் பழைய லெவல் பேரே இல்ல, ரைஃபிள் குண்டுக்கு ஆர்.எஃப். 1, 2, 3-னு மாத்திட்டாங்க. லேபிளை நம்பி எவனாவது பிளேட் இல்லாம மாட்டிக்கிட்டுப் போனா?

கேட்டா முதல்ல "லாட் மாறிப்போச்சு சார், ரெண்டு நாள்ல பிக்கப்". அப்புறம் "மேனேஜர் ஊர்ல இல்ல". அப்புறம் "மலைக்கு பிக்கப் கிடையாது, கோயம்புத்தூர்ல கொண்டாந்து குடுங்க". கொண்டுவந்து போடும்போது மட்டும் மலை தெரியல போல. அதுக்கப்புறம் பிளாக். தளத்துக்காரங்க, "பணம் எங்க வழியா வரல, நாங்க அறிமுகம் மட்டும்தான்"னு ஒரு டிக்கெட் நம்பர் கொடுத்தாங்க. 64,800 ரூபாய்க்கு ஒரு டிக்கெட் நம்பர்.

வரிசையா எழுதுற பொறுமை இப்ப இல்ல. தளத்துக்கு வெளிய பணம் போடாதீங்க. முழு அட்வான்ஸ் கூடவே கூடாது. சாம்பிளை விக்காம வச்சுக்குங்க, பார்சலை வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. ஏமாந்தா அன்னைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் பண்ணுங்க. திருப்பி விக்கிறதுக்கு வாங்கின சரக்குன்னா நுகர்வோர் சட்டத்துல நாம நுகர்வோரே இல்ல. ஆலிவ் பச்சை, கழுத்துல 'லெவல் 4', மோலி வரிசை கோணல். இந்தச் சரக்கை யாராவது விலை குறைச்சுக் காட்டினா தொடாதீங்க.