ஓடிக்கொண்டிருந்த லாரி ஆஃப் ஆகி மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லையா? பம்ப்பில் கை வைப்பதற்கு முன்னால்

என்னுடையது 2003 மாடல் லாரி. ஆறு டயர், டர்போ இன்ஜின். சென்சார், கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. டீசலை அளந்து, இன்ஜினுக்குள் தெளிக்கிற நாசிலுக்குத் தள்ளுவது பழைய காலத்து இன்லைன் பம்ப். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தேங்காய் ஏற்றிக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும். ஆந்திராவில் இருக்கிற வி.கோட்டா மார்க்கெட்டில் தக்காளி லோடு கிடைத்தால் பத்தலபல்லி மலைப்பாதை வழியாக இறங்கும். கம்பெனிப் பெயர் எழுதவில்லை. இந்த வயசில், இந்த மாதிரி பம்ப் இருக்கிற எந்த வண்டிக்கும் கீழே வருவது பொருந்தும்.

பழைய வண்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: இழுவையில் குறை சொல்ல முடியாது. லோடோடு லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கிடைக்கிறது, காலியாக வந்தால் கொஞ்சம் கூட. ஸ்பேர் பார்ட்ஸ் ஆற்காட்டிலும் கிடைக்கும், ஆம்பூரிலும் கிடைக்கும். கேபின் சூடுதான் கொடுமை. மே மாசம் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது இன்ஜின் பக்கம் இருக்கிற இடது கால் வெந்துவிடும். எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்பதால் வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்து வாங்குவதுதான், புகார் இல்லை.

ஆளை அலையவிட்டது ஒரே ஒரு கோளாறு. ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு ஆக்சிலரேட்டர் மிதித்தால் இழுக்காது, திக்கித் திக்கி ஆஃப் ஆகிவிடும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. முதல் தடவை இது நடந்தது பெங்களூர் நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டா டோல் தாண்டி மாதனூர் கிட்ட, ராத்திரி, முழு லோடு.

இந்த மாதிரி நிற்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, செல்ஃப் சுற்றுகிறதா இல்லையா என்பது. சுற்றவே இல்லை, டக்டக் என்று சத்தம் மட்டும் வருகிறது என்றால் அது பேட்டரி டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் சம்பந்தப்பட்ட வேறு கதை. சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் ஒரு ஆளைப் பின்னால் அனுப்பி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாகப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. எனக்குச் சொட்டுப் புகைகூட இல்லை. செல்ஃப்பை விடாமல் அடிக்காதீர்கள். பத்து, பதினைந்து செகண்ட் அடித்துப் பார்த்துவிட்டு ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து கடைக்குப் போகும். சரிவில் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்ற யோசனையை லோடு வண்டியில் விட்டுவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குக் காற்றும் ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது.

டீசல் போகவில்லை என்று தெரிந்தபின் காசில்லாமல் பார்க்கக்கூடியவை இரண்டு. ஒன்று ஸ்டாப்பர் கேபிள். பழைய வண்டியில் இன்ஜினை நிறுத்த இழுக்கிற அந்தக் கம்பி துருப்பிடித்துப் பாதியில் மாட்டிக்கொண்டால், பம்ப் மேல் இருக்கிற லீவர் மூடின நிலையிலேயே நின்றுவிடும். கையால் தள்ளிப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது டேங்க் மூடி. மூடி தொலைந்து, பாலித்தீன் கவரைச் சுற்றி ரப்பர் போட்டு இறுக்கிக் கட்டின வண்டிகள் நம் பக்கம் நிறைய. காற்று உள்ளே போக வழியில்லாமல் டேங்க்குக்குள் வேக்கம் கட்டும், டீசல் வராது. மூடியைத் திறக்கும்போது புஸ் என்று காற்று இழுத்தால் அதுதான் வியாதி. என் வண்டியில் இரண்டுமே சரியாக இருந்தன.

பிறகு, டீசலைக் கையால் அடித்து லைனில் ஏற்றுகிற கை பம்ப். ஃபில்டர் மேல் இருக்கிற ஏர் ஸ்குரூவை லூஸ் பண்ணிவிட்டு அடித்தேன். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று சுத்தமாக டீசல் வரும்வரை அடித்து, அப்புறம் பம்ப் மேல் இருக்கிற ஸ்குரூவிலும் அதே மாதிரி ஏர் எடுத்து, செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்தது. அதற்கும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். அங்கே கையை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்தப் பிரஷரில் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும்.

ஆக, ஏர் லாக், அதாவது டீசல் லைனில் காற்று அடைத்துக்கொள்வது. ஆனால் ஏர் எங்கிருந்து வருகிறது? அதைக் கேட்காமல் ஏர் மட்டும் எடுத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் உண்டு. நானும் ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன், டீசல் பைப்பை இணைக்கிற பேன்ஜோ போல்ட்டுகளின் காப்பர் வாஷர்களை எல்லாம் புதுசு போட்டேன், கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு அதே கதை. டவுனில் ஒரு பம்ப் கடையில் காட்டினால், வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் “எலிமென்ட் போச்சு, பம்ப்பை இறக்கணும், 30,000க்கு மேல ஆகும்” என்றார்கள். எலிமென்ட் என்பது பம்ப்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளுகிற பாகம். ஏர் எடுத்தால் ஓடுகிற வண்டிக்குப் பம்ப் எப்படிப் போகும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளிகொண்டாவில் வயசான மேஸ்திரி ஒருத்தர், வேப்பமரத்தடியில் வேலை பார்க்கிறவர். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“டேங்க் ரொம்ப இருக்கசொல்ல நின்னுச்சா, கம்மியா இருக்கசொல்லவா?”

யோசித்துப் பார்த்தால், டேங்க் ஃபுல்லாக இருக்கும்போது ஒரு தடவைகூட நின்றதில்லை. பாதிக்குக் கீழே வந்தால்தான். மலைப்பாதை ஏறும்போது சீக்கிரமாகவே ஆரம்பித்துவிடும். நின்ற இடத்தில் ஐடிலிங்கில் விட்டால் எவ்வளவு நேரமானாலும் ஓடும், லோடு இழுக்கும்போதுதான் திக்கும்.

“அப்ப பம்ப்பத் தொடாத நைனா. கேன் வச்சிப் பாத்துடலாம்.”

அந்தக் கேன் சோதனையைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன். டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு (டேங்க் டீசலை உறிஞ்சி ஃபில்டருக்கு அனுப்புகிற சின்னப் பம்ப்) வருகிற ஓஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு புது ஓஸ் மாட்டி, அதன் மறுமுனையைச் சுத்தமான டீசல் கேனுக்குள் விட வேண்டும். ரிட்டர்ன் பைப்பையும் அதே கேனுக்குள் விட வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச டீசல் எல்லாம் டேங்க்குக்குப் போய், கேன் சட்டென்று காலியாகி, அதனாலேயே வண்டி நின்று ஆளைக் குழப்பிவிடும். கேனை சைலன்சர், டர்போ பக்கமே கொண்டு போகாமல் அசையாதபடி கட்ட வேண்டும். அப்படியே லோடோடு சர்வீஸ் ரோட்டில் மெதுவாக ஓட்டினோம். மேஸ்திரி ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரிகிற டியூப்பும் மாட்டியிருந்தார். கேனில் ஓடும்போது அதில் ஒரு குமிழிகூட இல்லை, வண்டியும் திக்கவில்லை. பழைய ஓஸையே திரும்ப மாட்டி, இன்ஜினை ரேஸ் பண்ணினால் அதே டியூப்பில் குண்டு குண்டாகக் குமிழி ஓடுகிறது. பம்ப், ஃபில்டர், நாசில் எல்லாம் நிரபராதி. கோளாறு டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில்.

இந்தப் பக்கம் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் லைனில் பிரஷர் இருக்கிறது, ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து புழுதி ஒட்டிக் கருப்பாகத் தெரியும். அதற்கு முன்னால் உறிஞ்சுகிற லைன். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வெளியில் துடைத்த மாதிரி காய்ந்து இருக்கும். கசிவைத் தேடுகிறவர் அங்கே தேடவே மாட்டார்.

ஓஸில் விரிசல் இல்லை, கிளிப் இறுக்கமாக இருந்தது. கடைசியில் டேங்க்குக்குள் இறங்குகிற உறிஞ்சு பைப்பைக் கழற்றி எடுத்தோம். அடியில் இருக்கிற சல்லடையில் சேறு மாதிரி ஒரு படிவு, அது எதிர்பார்த்ததுதான். பைப்பின் நடுவாக்கில், துருவைச் சுரண்டின இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. மேஸ்திரி கீழ் முனையை விரலால் அடைத்துக்கொண்டு வாயால் ஊதி, பைப்பைத் தண்ணீர் வாளிக்குள் விட்டார். அந்த ஓட்டையிலிருந்து வரிசையாகக் குமிழி. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், அதேதான். டீசல் அந்த ஓட்டைக்கு மேலே நிற்கும்வரை ஒன்றும் தெரியாது, உறிஞ்சினால் டீசல்தான் வரும். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்றும் சேர்ந்து வரும். ஏற்றத்தில் டீசல் டேங்க்கின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவதால் இன்னும் சீக்கிரம். லோடு இல்லாதபோது இன்ஜின் கேட்கிற டீசல் கம்மி, அந்தக் கொஞ்சக் காற்றைச் சமாளித்துவிடும்.

பைப்பைத் தனியாகக் கழற்றித்தான் பித்தளை பற்றவைத்தோம். டேங்க்கோடு வைத்து வெல்டிங் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். காலி டேங்க்கில் இருக்கிற ஆவி போதும், ஆளையே தூக்கிவிடும். ஓஸ், கிளிப், பற்றவைத்த கூலி, மேஸ்திரி கூலி எல்லாம் சேர்த்து, பம்ப் கடைக்காரர் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வெயில் காலம் போய்விட்டது, ரிசர்வில்கூட மலை ஏறியிருக்கிறது, நின்றதில்லை. ஃபில்டர் அடியில் இருக்கிற தண்ணீர் ஸ்குரூவைக் காலையில் ஒரு திருகு திருகி வடிக்கிறேன். டூல் பாக்ஸில் ஒரு முழம் டியூப், காப்பர் வாஷர் கொஞ்சம், இரண்டு கிளிப் எப்போதும் கிடக்கிறது. பைப்பைக் கழற்றி மாட்டினதிலிருந்து டீசல் முள் மட்டும் ஒழுங்காகக் காட்டுவதில்லை, குச்சி விட்டுத்தான் அளக்கிறேன்.

பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் ட்ரயல் பார்க்கும்போது டேங்க் கால்வாசிக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விற்கிறவர் தாராளமாக ஃபுல் டேங்க் அடித்துக் கொடுக்கிறார் என்றால், அந்த டீசல் தீர்ந்த பிறகு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.