பினோபார்பிட்டோன்: மாத்திரையில் குறையில்லை, கிடைப்பதுதான் பாடு

வேளச்சேரி நண்பரின் நாய்க்கு ஒரே நாளில் இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது. மருத்துவர் பினோபார்பிட்டோன் எழுதிக் கொடுத்திருக்கிறார். "உங்கள் மணி அதைத்தானே சாப்பிடுகிறான், ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். மணி 28 கிலோ லாப்ரடார். காலையில் 60 மில்லிகிராம், இரவில் 60. இரத்தத்தில் மருந்தின் அளவு நிலைபெறவே இரண்டு வாரம் ஆகும். அதற்குள் "கேட்கவில்லையே" என்று மனம் உடைய வேண்டாம். மாதந்தோறும் அவனைத் தரையில் சாய்த்த வலிப்பு இன்று அபூர்வமாகிவிட்டது. பசியும் தாகமும் கடுமையாகக் கூடும், உணவை அளந்துதான் வைக்க வேண்டும். ஈரலுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. இதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது மருந்துக்கடை. சீட்டை நீட்டியதும் "நாய்க்கா?" என்று ஒரு பார்வை. இது மனநிலையைப் பாதிக்கும் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்குள் வருவது. சீட்டு கேட்பது கடைக்காரரின் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதிவு எண்ணோடு கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டும் சீட்டுதானே? ஒரு கடையில் மறுப்பு. அடுத்த கடையில் 60 இல்லை, 30 மட்டும் அரை அட்டை. இன்னொன்றில், "வேறு வலிப்பு மாத்திரை தரட்டுமா, எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். ஒன்றல்ல! லெவிடிராசிட்டம் நல்ல மருந்துதான், ஆனால் சாதாரண மாத்திரையை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். எதை எதற்குப் பதிலாகக் கொடுப்பது என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது, கடை மேசையில் முடிவாகக் கூடாது.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் அலைச்சல் இல்லை. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். ஐந்து நிமிடம் தாண்டியும் அடங்காத வலிப்பு உயிருக்கே ஆபத்து. அப்படியிருக்க, "நாளைக்கு வாருங்கள்" என்று எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்கள்! மணிக்கு வலிப்பு வந்தால் பக்கத்து வீட்டு அம்மா இரும்புச் சாவிக்கொத்தோடு ஓடிவருவார். அவரது அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சாவி வலிப்பை நிறுத்தாது, நாய் நாக்கை விழுங்கவும் செய்யாது. வாய்க்கு அருகே கையைக் கொண்டுபோனால் கடிதான் மிஞ்சும். மேசை நாற்காலியை விலக்கி, மின்விசிறியைப் போட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் கைபேசியில் படம் பிடியுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

மருந்துக்கு முழு மதிப்பெண் தருகிறேன். ஆனாலும் இந்த வாரம் நான்கு கடை ஏறி இறங்கிய எரிச்சலில், "தயங்காமல் ஆரம்பியுங்கள்" என்று நண்பரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் மாதாமாதம் வரவழைத்துத் தரச் சம்மதிக்கும் ஒரு கடையைப் பிடியுங்கள் என்றேன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது, எந்தக் கடையில் தவறாமல் கிடைக்கிறது என்று அங்கே காத்திருக்கும் மற்ற நாய்க்காரர்களிடம் கேளுங்கள். பத்து நாளுக்கான மாத்திரை கையில் மிச்சமிருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடுங்கள்.