சேமிக்கும் முன்பா, பின்பா? சேல்ஸ்ஃபோர்ஸ் ஃப்ளோவில் ட்ரிகர் வகையைத் தேர்ந்தெடுப்பது

விற்பனை, வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில் வேலைகளைத் தானியங்கியாக்கும் பழைய கருவிகள் ஒர்க்ஃப்ளோ ரூல், ப்ராசஸ் பில்டர்; இரண்டுக்குமான ஆதரவுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் குறித்த கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அவற்றை அவற்றுக்கு மாற்றான ஃப்ளோவுக்கு மாற்றும்போது எல்லா வேலையையும் 'ஆஃப்டர் சேவ்' (ரெக்கார்டு சேமித்த பின் ஓடும்) வகையில் குவித்துவிடுவதுதான் பெரிய தவறு.

ஒரு ஆப்பர்ச்சூனிட்டி (விற்பனை வாய்ப்பு) 'க்ளோஸ்டு வொன்', அதாவது வென்ற டீல், ஆகிறது. அதே ரெக்கார்டில் தேதியையோ கமிஷன் சதவீதத்தையோ நிரப்பினால் போதும் என்றால் 'பிஃபோர் சேவ்' (சேமிக்கும் முன் ஓடும் வகை) எடுங்கள். அசைன்மென்ட் எலிமென்ட்டில் (ஃபீல்டுக்கு மதிப்பு கொடுக்கும் படியில்) போட்ட மதிப்பு முதல் சேமிப்போடு சேர்ந்தே போய்விடும். தனி டிஎம்எல் (தரவுத்தளத்தில் எழுதும் செயல்) செலவு கிடையாது. வேலிடேஷன் ரூல்கள் (மதிப்பு சரியா என்று பார்க்கும் விதிகள்) அதற்குப் பிறகுதான் ஓடும் என்பதால் ஃப்ளோ நிரப்பியதும் சரிபார்க்கப்படும். இதையே ஆஃப்டர் சேவில் செய்தால் ரெக்கார்டு இரண்டாம் முறை சேமிக்கப்பட்டு, ஏபெக்ஸ் (சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல்மொழி) ட்ரிகர்களும் மறுபடி ஓடும். மொத்தமாகத் தரவு ஏற்றும் கருவியான டேட்டா லோடரில் 200 ரெக்கார்டாக ஏற்றும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும்.

பிஃபோர் சேவுக்கு எல்லை உண்டு. டாஸ்க் உருவாக்க, அக்கவுன்ட்டைத் திருத்த, மின்னஞ்சல் அனுப்ப அதனால் ஆகாது. புது ரெக்கார்டுக்கு அந்தக் கட்டத்தில் ஐடியே இருக்காது. அதற்கெல்லாம் ஆஃப்டர் சேவ்தான்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது நுழைவு நிபந்தனை. 'ஒவ்வொரு முறை திருத்தும்போதும்' என்று விட்டால், வென்ற டீலில் யாரோ தொலைபேசி எண்ணைத் திருத்தினாலும் இன்னொரு டாஸ்க் முளைக்கும். 'நிபந்தனையைப் புதிதாக எட்டும்போது மட்டும்' என்பதே சரி. அடுத்தது லூப்: அதற்குள் 'அப்டேட் ரெக்கார்ட்ஸ்' வைத்தால் சுற்றுக்கு ஒரு டிஎம்எல். ஒரு ட்ரான்சாக்‌ஷனுக்கு 150 தான் வரம்பு. தாண்டினால் பயனர் செய்த திருத்தமும் சேர்ந்து ரத்தாகும். கலெக்‌ஷனில் சேர்த்து, லூப்புக்கு வெளியே ஒரே தடவை எழுதுங்கள்.

வெளி பில்லிங் மென்பொருளை அழைப்பதென்றால் அதே ஃப்ளோவில் அசிங்க்ரனஸ் பாதை (பின்னணியில் தனியாக ஓடுவது). ரெக்கார்டு கமிட் ஆன (சேமிப்பு உறுதியான) பிறகே அது ஓடும். அழைப்பு தோற்றாலும் சேமித்தது அப்படியே இருக்கும். அதனாலேயே அழைக்கும் எலிமென்ட்டில் ஃபால்ட் பாதை (தோற்றால் போகும் வழி) கட்டாயம்: தோல்வியை ஒரு ரெக்கார்டாகப் பதியாவிட்டால், பில் போகாதது விற்பனைக் குழுவுக்குத் தெரியவே வராது.

பல ஆப்ஜெக்ட்டுகளை (ஆப்பர்ச்சூனிட்டி, அக்கவுன்ட் போன்ற ரெக்கார்டு வகைகளை) மேப் எனும் தேடல் பட்டியல் வைத்து ஒப்பிடும் கனமான கணக்கு இருந்தால் மட்டும் ஏபெக்ஸ். ஒரே ஆப்ஜெக்ட்டில் ஃப்ளோக்கள் பெருகிவிட்டால், ஃப்ளோக்கள் ஓடும் வரிசையைக் காட்டும் ஃப்ளோ ட்ரிகர் எக்ஸ்ப்ளோரரில் 1 முதல் 2000 வரையிலான வரிசை எண்ணை 10, 20, 30 என இடைவெளி விட்டுக் கொடுங்கள்; நடுவில் புதிதாக ஒன்றைச் செருக இடமிருக்கும்.