இடுப்பில் வைக்க எந்தத் தோட்டா: 9 எம்.எம்., .45, .357, 10 எம்.எம்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடலாம். அதிலிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: இருப்பதிலேயே பவரான காலிபர் (தோட்டாவின் அளவு) எது?

பழைய ஆட்கள் யோசிக்காமல் .45 என்பார்கள். ஜான் பிரௌனிங் உருவாக்கிய இந்தத் தோட்டாதான் 1911 முதல் 1985 வரை அமெரிக்க ராணுவப் பிஸ்டலில் இருந்தது. 9 எம்.எம். தோட்டாவோடு சேர்த்து மேசையில் நிறுத்தினால், சுண்டுவிரல் பக்கத்தில் கட்டைவிரல் நிற்பது மாதிரி இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் கதை வேறு. .45-இல் 15 கிராம் குண்டு விநாடிக்குச் சுமார் 255 மீட்டர் வேகத்தில் போகிறது. 9 எம்.எம்.இல் 8 கிராம் குண்டு 350 மீட்டர். இரண்டின் ஆற்றலும் ஏறக்குறைய 490 ஜூல்தான். ஆனால் .45 போடும் பழைய 1911 பிஸ்டலின் மேகசினில் 7 தோட்டா, 9 எம்.எம். கிளாக் 19-இல் 15.

அப்புறம் ஏன் 9 எம்.எம்.முக்குக் கெட்ட பேர்? 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர் இருவரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 எம்.எம். குண்டு, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். சதைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் இறங்க வேண்டும் என்ற அளவுகோல் அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். எஃப்.பி.ஐ. 10 எம்.எம்.முக்குப் போனது. உதை தாங்கவில்லை என்று வெடிமருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளத் தோட்டாக் கூடு எதற்கு என்று, கூடு குட்டையான .40 தோட்டா 1990-இல் பிறந்தது. இதற்கிடையே, முனையில் குழியோடு உடலில் பட்டதும் விரியும் ஹாலோ பாயிண்ட் குண்டுகள் வெகுவாக மேம்பட்டன. 9 எம்.எம்.மும் அந்த ஆழத்தை எட்டியது, அதிகாரிகள் அதில் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள். எஃப்.பி.ஐ. 9 எம்.எம்.முக்கே திரும்பிவிட்டது. அதனால் .40-ஐ இன்று புதிதாக வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

.357 மேக்னம் பற்றி என் உள்ளங்கையே சாட்சி. அரைக் கிலோகூட இல்லாத, ஐந்து தோட்டா போடும் குட்டி ரிவால்வர் அது. முதல் வெடியில் பந்து மாதிரி நெருப்பு கண்ணைப் பறித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை தீப்பட்ட மாதிரி எரிந்தது. இரண்டாவது குண்டு ஏழு கஜத்தில் தொங்கிய காகிதத்தில் படவே இல்லை. நாலு அங்குலக் குழலில் 780 ஜூல் தரும் தோட்டா இது. குட்டிக் குழலில் மருந்தில் ஒரு பகுதி வெளியே வந்து எரிகிறது, பலம் குறைகிறது, உதை மட்டும் நம் கைக்கு. அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் .38 ஸ்பெஷல் போட்டுக்கொள்ளுங்கள், அதே தோட்டா அறையில் பொருந்தும்.

10 எம்.எம்.முக்கு உரிய இடம் கரடிக் காடு. கிரீன்லாந்தில் டென்மார்க்கின் சிரியஸ் ரோந்துப் படை, பனிக்கரடிக்கு அஞ்சி 10 எம்.எம். கிளாக் 20 வைத்திருக்கிறது. அலாஸ்காவில் மீன் பிடிக்கப் போனால் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் நான் தினமும் போவது மளிகைக் கடைக்கு.

அதனால் என் இடுப்பில் 9 எம்.எம்., 124 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) ஹாலோ பாயிண்ட். வாங்கியதும் நம்பிவிடாதீர்கள். அதே தோட்டாவில் குறைந்தது இருநூறு உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓட வேண்டும். சரி, ராத்திரி அது எங்கே இருக்கும்? வீட்டில் பிள்ளைகள் இருந்தால், தோட்டா வாங்கும் அன்றைக்கே பூட்டுப் பெட்டியும் வாங்கிவிடுங்கள்.