நான்கு டயரும் சேர்ந்தே தேயட்டும்: ஸ்விஃப்டில் டயர் ரொட்டேஷன் அனுபவம்

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வர வைத்திருக்கும் பெட்ரோல் ஸ்விஃப்ட். லீவு கிடைத்தால் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை பக்கம். இப்போது ஓடுவது இரண்டாவது செட் டயர். இரண்டு செட்டிலும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை இடம் மாற்றிப் போட்டு வருகிறேன்.

வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தான், பிரேக் பாரமும் அதிகம் அங்கேதான் விழும். பேச்சிப்பாறை ரோட்டு வளைவுகளுக்கு முன் டயரின் வெளியோரம் முதலில் மொட்டையாகும். அதனால் முன்னால் உள்ள இரண்டும் நேராகப் பின்னால் போகும், பின்னால் உள்ளவை இடம் வலம் மாறி முன்னால் வரும். பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் இந்தக் குறுக்கு மாற்றம் கூடாது, அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டும்தான்.

மாற்றிய புதிதில் ஒரு 'ஊம்' சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். பின்னாலிருந்து முன்னால் வந்த டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழு, எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி தட்டும். குறுக்கே மாற்றியதும் டயர் சுற்றும் திசை மாறுவதால் அந்தப் பல் மெல்லத் தேய்ந்து சத்தம் அடங்கிவிடும்.

ஆனால் உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால் கதை வேறு. "அண்ணா, நாலையும் மாத்திப் போட்டா செரியாயிரும்" என்றார்கள் ஒரு கடையில். ஆகாது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்க்காமல் மாற்றினால் இன்னொரு டயரும் சேர்ந்து கெடும், அவ்வளவுதான். காற்றையும் கவனியுங்கள்: முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு உள்ள வண்டியில் மாற்றிய கையோடு சரிசெய்ய வேண்டும். பல கடைகளில் நாம் கேட்டால்தான் செய்கிறார்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்ப்பதும் நல்லது.

பட்டன், அதாவது டயர் பள்ளங்களின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் புது டயர் போட்டாக வேண்டும். ஜூனில் எடவப்பாதி எனும் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும் நம்ம மாவட்டத்தில் நான் அதுவரை காத்திருப்பதில்லை. 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன்.

ஒரு குறை உண்டு. நான்கும் ஒன்றாகத் தேய்வதால் நான்கையும் ஒன்றாக வாங்க வேண்டும். பர்ஸ் வலிக்கும். இரண்டிரண்டாக வாங்குகிறவர்களுக்கு அந்த அடி பிரிந்து விழும்.

அப்புறம், ஆள் வளைகுடாவிலும் வண்டி போர்ட்டிகோவிலும் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அவர்களுக்கு ரொட்டேஷனைவிட டயரின் வயதுதான் முக்கியம். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் புதுசாகவே இருந்தாலும் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.